மழலையின் முதல் உரிமை

மார்கழிப் பனி இறங்கும் நாள்களில் தஞ்சைத் தரணியின் சம்பா வயல்களில் கதிர் பால் பிடிக்கும். அந்தப் பருவத்தில் உழவர் பெருமக்கள் அசட்டையாக இருப்பதில்லை. நெல்மணிக்குள் பால் ஊறும் அந்தச் சில நாள்களில் வயல் காய்ந்துவிடக் கூடாது என்பதை, வெண்ணாற்றங்கரையிலும் வெட்டாற்றங்கரையிலும் எழுதப் படிக்கத் தெரியாத முதியவரும் அறிவார். அப்போது தண்ணீர் தவறினால் பிறகு எத்தனை மடை திறந்தும் பயனில்லை. களத்தில் தூற்றும்போது பதர்தான் பறக்கும்.

வயலின் பால் பருவத்தை இத்துணை நுணுக்கமாக அறிந்த நாம், நம் வீட்டினுள் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் பெண்ணின் பால் பருவத்தைப் பற்றி என்ன அறிந்திருக்கிறோம்? பிறந்த குழந்தைக்கு முதல் பால் எப்போது தரவேண்டும்? அந்தப் பால் மஞ்சள் நிறமாக இருப்பது ஏன்? பால் போதுமா, போதாதா என்பதை எதைக் கொண்டு கண்டறிவது? இவ்வினாக்களுக்கு நம் வீடுகளில் கிடைக்கும் விடைகளுள் பல, செவிவழிச் செய்திகள். சில, மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் தவறான செய்திகள். இரண்டினாலும் துன்புறுவது, வாய் திறந்து வழக்காட இயலாத பச்சிளங் குழந்தையே ஆகும்.

இதனை எழுத என்னைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதை மறைக்காமல் கூறுவதே நேர்மை.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், ஓதி முடித்து வந்த புதிதில், இவ்வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளிவாசலில் இமாமாகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை வைகறையில் மஹல்லாவைச் சேர்ந்த வீடொன்றில் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தையின் காதில் பாங்கு சொல்ல ஹஜ்ரத் வரவேண்டும் என்று காலையிலேயே ஆள் வந்தது. குத்பாவுக்கு ஆயத்தமாக வேண்டியிருந்ததால், ஜுமுஆ முடிந்து வருவதாகச் சொல்லி அனுப்பினேன். தொழுகை முடித்து, பகலுணவும் முடித்து, அந்த வீட்டை நான் அடைந்தபோது மணி மூன்று. உள்ளே குழந்தை அழுது ஓய்ந்த குரலில் முனகிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற கிராமச் சுகாதாரச் செவிலியர் என்னைக் கண்டதும் கேட்டார்:

“ஹஜ்ரத்து, நீங்கள் வந்து ஓதின பிறகுதான் பிள்ளைக்குப் பால் கொடுப்போம் என்கிறார்கள். விடிந்ததிலிருந்து சர்க்கரைத் தண்ணீரைத்தான் நாக்கில் தொட்டு வைக்கிறார்கள். பசித்த பிள்ளையைக் காக்க வைக்கச் சொல்லி உங்கள் வேதத்தில் இருக்கிறதா?”

அந்த அம்மையார் பிற சமயத்தைச் சேர்ந்தவர். அவருடைய கேள்வியில் ஏளனம் இல்லை. ஒரு தாயின் பதைப்பே இருந்தது. “இல்லை அம்மா, இல்லவே இல்லை” என்றேன். குழந்தையைத் தாயிடம் கொடுக்கச் சொன்னேன். அது பால் குடித்து அமைதியான பின்னரே அதன் காதில் பாங்கு சொன்னேன். அல்லாஹ்வின் அருளால் அந்தப் பிள்ளை நலமாகவே வளர்ந்தது. எனினும் அந்த ஒன்பது மணி நேரப் பசி என் கணக்கில் எழுதப்பட்டிருக்குமோ என்ற அச்சம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை. அவ்வீட்டார் அறியாமல் செய்தார்கள். நானோ அறிந்தவன்; அறிந்திருந்தும் அதற்கு முன் எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் மிம்பரில் நின்று இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதவன்.

பாங்கொலியும் பசியும்

இஃது ஒரு சிற்றூரின் பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். 2016ஆம் ஆண்டு நவம்பரில், கேரள மாநிலம் கோழிக்கோடு மாவட்டத்தைச் சேர்ந்த முக்கம் என்னும் ஊரில், ஐந்து வேளைப் பாங்கொலி கேட்டு முடியும் வரை குழந்தைக்குப் பால் தரக்கூடாது என்று ஒரு தந்தை தடுத்தார். மருத்துவர்களும் செவிலியர்களும் எடுத்துரைத்தும் பயனில்லை. செய்தி காவல்துறை வரை சென்று வழக்குப் பதிவானது. எழுத்தறிவில் இந்தியாவிலேயே முன்னணியில் நிற்கும் மாநிலத்தில், மருத்துவமனைக் கட்டிலில், மருத்துவர் கண்ணெதிரே நிகழ்ந்தது இது! எழுத்தறிவு வேறு, உடல்நல அறிவு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அன்புச் சகோதரர்களே! குழந்தையின் காதில் பாங்கு சொல்வது போற்றத்தக்க நடைமுறை. தம் அருமைப் பேரர் ஹஸன் (ரலி) அவர்கள் பிறந்தபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பாங்கு சொன்னதாக அறிவிப்பு உண்டு. ஆனால் பாங்கு சொல்லும் வரை பால் தரலாகாது என்று நபிமொழி எதுவும் கூறவில்லை. பாங்கு சொல்ல ஆலிம்தான் வரவேண்டும் என்பதும் இல்லை. தகப்பனார் சொல்லலாம், பாட்டனார் சொல்லலாம். ஒரு நிமிடத்தில் முடியும் அந்த நற்செயலுக்காக ஒரு நாள் முழுதும் குழந்தையைப் பட்டினி போடுவது மார்க்கப்பற்று ஆகாது.

தஹ்னீக் எனப்படும் மற்றொரு ஸுன்னத்தையும் இங்கே விளக்கவேண்டும். பெருமானார் (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று, அதன் குழைவைப் பிறந்த குழந்தைகளின் வாயில் தடவி, அவர்களுக்காக இறைஞ்சியுள்ளார்கள். அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் பிறந்தபோது அவ்வாறு செய்தது ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. தஹ்னீக் என்பது ஒரு தொடுகை, உணவன்று. அண்ணத்தில் பட்டும் படாமலும் தடவுவதுடன் அது முடிந்துவிடுகிறது. நம் பகுதியில் அதனுடன் ‘சேனை வைத்தல்’ என்னும் நாட்டு வழக்கம் கலந்துவிட்டது. சர்க்கரைத் தண்ணீரையும் தேனையும் வருவோர் போவோரெல்லாம் விரலால் தொட்டு வைக்கிறார்கள். யார் சேனை வைத்தாரோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பி, வெளியூரிலிருந்து ஒருவர் வந்து சேரும் வரை காத்திருப்போரும் உண்டு.

தேனில் அல்லாஹ் நோய் நிவாரணம் வைத்திருக்கிறான் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது என்று மருத்துவர்கள் உறுதிபடக் கூறுகிறார்கள். தேனில் சில வேளை கலந்திருக்கும் ஒருவகை நுண்கிருமி, முதிராத குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். பெரியவர்களுக்கு அமுதமாவது பிஞ்சுக்கு நஞ்சாகலாம். ஆகவே தஹ்னீக் செய்ய விரும்புவோர் முதலில் குழந்தை தாய்ப்பால் அருந்தட்டும் என்று பொறுத்திருங்கள். மருத்துவரிடம் கேளுங்கள். கையைக் கழுவுங்கள். ஒருவர் வாயில் மென்றதைக் கொடுக்காமல், தூய்மையாகக் குழைத்த பேரீச்சையின் சுவடு மட்டும் படுமாறு செய்யுங்கள். குறைமாதக் குழந்தையாயின் தள்ளிவையுங்கள். நன்மையை நாடிச் செய்வது தீங்கில் முடிந்துவிடலாகாது அல்லவா?

திருமறை வகுத்த நீதி

தாய்ப்பாலைப் பற்றித் திருக்குர்ஆன் மேலோட்டமாகப் பேசவில்லை; சட்டமாகவே பேசுகிறது. அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தின் கருத்தைப் பாருங்கள். பாலூட்டலை நிறைவு செய்ய விரும்பினால் தாய்மார்கள் இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டவேண்டும். அத்தாய்க்கு முறைப்படி உணவும் உடையும் வழங்குவது தந்தையின் பொறுப்பு. எவரும் சக்திக்கு மீறித் துன்புறுத்தப்படலாகாது. பிள்ளையைக் காரணமாகக் கொண்டு தாய்க்கும் இன்னல் கூடாது, தந்தைக்கும் இன்னல் கூடாது. இரண்டாண்டுக்கு முன்பே பால் மறக்கச் செய்வதாயின் இருவரும் கலந்து பேசி, மனமொத்துச் செய்யவேண்டும்.

இந்த வசனம் எங்கே அமைந்திருக்கிறது என்பதையும் நோக்குக. மணமுறிவைப் பற்றிய வசனங்களுக்கு நடுவே இஃது இடம்பெற்றுள்ளது. கணவனும் மனைவியும் பிரிந்து போனாலும் குழந்தையின் பால் அறுபடக்கூடாது என்பது இதனால் பெறப்படும் நீதி. பிரிந்தவர்களுக்கே இப்படியென்றால், ஒரே கூரையின்கீழ் வாழும் கணவன், பாலூட்டும் மனைவியின் உணவையும் ஓய்வையும் குறித்து எவ்வளவு கருத்தாக இருக்கவேண்டும்!

மூஸா (அலை) அவர்களின் அன்னையாரின் வரலாறும் நாம் அறிந்ததே. ஃபிர்அவ்னின் ஆட்கள் ஆண் மகவுகளைக் கொன்று வந்த கொடுங்காலம் அது. அந்தத் தாயின் உள்ளத்தில் இறைவன் உதிக்கச் செய்த முதல் செய்தி யாது? குழந்தையை ஒளித்து வை என்பதன்று, ஆற்றில் விடு என்பதுமன்று. முதலில் அதற்குப் பாலூட்டு என்பதே. அச்சம் மிகும்போதுதான் ஆற்றில் விடுமாறு கட்டளை வந்தது. வாளுக்கு அஞ்சிய வேளையிலும் பால் முந்தியது. நம் வீடுகளிலோ சேனையும் சடங்கும் முந்துகின்றன, பால் பிந்துகிறது.

சீம்பாலும் சந்தேகமும்

இனி மருத்துவ அறிவு கூறுவதைக் கேட்போம். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் குழந்தை தாயின் மார்பில் சேரவேண்டும். அறுவை சிகிச்சையால் பிள்ளை பெற்றவளும், சுகப்பிரசவத்தைப் போலவே, செவிலியர் துணையோடு விரைவில் பாலூட்டலாம். முதல் சில நாள்களில் சுரப்பது கெட்டியாக, மஞ்சள் நிறமாக இருக்கும். அதனைச் சீம்பால் என்கிறோம். பத்து மாதம் தங்கிய பழைய பால் என்றும், கெட்ட பால் என்றும் கருதி அதைப் பீய்ச்சிக் கொட்டிவிடும் வழக்கம் பல குடும்பங்களில் இருந்து வந்துள்ளது. கொட்டப்படுவது எதுவென்று அறிந்தால் கை நடுங்கும். நோயை எதிர்க்கும் ஆற்றல் நிறைந்த புரதப் பொருள்களும், உயிர்ச்சத்து ‘ஏ’யும் அதில் செறிந்துள்ளன. குழந்தைக்கு இறைவன் போடும் முதல் தடுப்பூசி அது. அளவில் சிறிதாக இருப்பதைக் கண்டு பால் வரவில்லை என்று பதறவும் வேண்டாம். முதல் நாளில் குழந்தையின் இரைப்பைக்கு ஒவ்வொரு தடவையும் ஓரிரு தேக்கரண்டி அளவே போதும்.

‘என் மகளுக்குப் பால் போதவில்லை’ என்பது நம் தாய்மார்கள் அடிக்கடி கூறும் சொல். பால் எவ்வாறு சுரக்கிறது என்பதை அறிந்தால் இந்த அச்சம் பெரும்பாலும் நீங்கிவிடும். குழந்தை சப்பச் சப்பத் தாயின் மூளைக்குச் செய்தி செல்கிறது. அங்கிருந்து பாலை உண்டாக்கும் சுரப்பும், பாலை வெளிப்படுத்தும் சுரப்பும் எழுகின்றன. இறைக்க இறைக்க ஊறும் கிணறு போன்றது அது. பால் குறைவு என்று எண்ணிப் புட்டிப்பால் ஒரு வேளை கொடுத்தால், அந்த வேளை குழந்தை சப்புவதில்லை. சப்பாததால் சுரப்பு குறைகிறது. குறைந்ததைக் கண்டு மேலும் ஒரு வேளை புட்டி வருகிறது. இவ்வாறு அச்சமே குறைவை உண்டாக்கிவிடுகிறது. போதுமா என்பதை அறிய எளிய அடையாளம் உண்டு. முதல் வாரத்திற்குப் பின் குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வந்தால் பால் போதும் என்று அறிக. அழுகை எல்லாம் பசியின் அழுகையன்று.

ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டியதில்லை, தண்ணீரும் வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் நாக்கு வறளுமே என்று பாட்டிமார்கள் இரக்கப்படுவார்கள். தாய்ப்பாலில் எட்டில் ஏழு பங்கு தண்ணீரே. தாகம் தீர்ப்பதும் அதுவே, பசி தீர்ப்பதும் அதுவே. ஆறு மாதம் நிறைந்ததும் குழைந்த சோறு, பருப்பு, பழம் என்று தொடங்கி, இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் பாலூட்டலைத் தொடரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. திருமறை கூறிய இரண்டாண்டுடன் இஃது இணைந்து நிற்பதைக் கண்டு உள்ளம் குளிர்கிறது.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்ற பெயரால் தண்ணீரைக் குறைப்பதும், சோற்றைக் குறைப்பதும் அறிவுடைமை அன்று. கதிர் பால் பிடிக்கும்போது மடையை அடைப்பாருண்டோ? பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் சமைத்து ஊட்டும் நம் பாட்டிமார் வழக்கம் நல்ல வழக்கம், அதைத் தொடருங்கள். பட்டினி போடும் வழக்கத்தை விடுங்கள். நிஃபாஸ் என்னும் பேற்றுத் தீட்டு, தொழுகை, நோன்பு போன்றவற்றிற்கான சட்டமே. அதனால் தாயின் பாலுக்கு எந்த மாசும் இல்லை. ரமலானில் தனக்கோ குழந்தைக்கோ கேடு வரும் என்று அஞ்சும் தாய், நோன்பைப் பின்னர் நோற்றுக்கொள்ள மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அல்லாஹ் தந்த சலுகையை மாமியாரோ, அண்டை வீட்டாரோ குறைகூறிப் பறித்துவிடக் கூடாது.

இவையெல்லாம் ஊரறிந்த செய்திகள்தாமே என்று சிலர் கருதலாம். கணக்கைப் பாருங்கள். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நிகழ்ந்தன. எனினும் பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு ஏறத்தாழ 60 மட்டுமே. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் மட்டுமே பெற்றவர்கள் 55. இந்தியா முழுமைக்குமான சராசரியோ 64. மருத்துவமனை வரை தாயைக் கொண்டுசென்று விட்டோம்; அறிவை அவளிடம் கொண்டுசேர்க்கத் தவறிவிட்டோம் என்பதே இதன் பொருள்.

கடல் கடந்து வந்த டின்

நம் டெல்டாப் பகுதி முஸ்லிம்களுக்குச் சிங்கப்பூரும் பினாங்கும் அயலூர்கள் அல்ல. நாகூர், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகச் சபர் சென்ற ஆண்கள், திரும்பும்போது பெட்டிகளில் டின் பாலையும் கொண்டுவந்தார்கள். அது செல்வத்தின் அடையாளமாக அலமாரியில் வீற்றிருந்தது. தாய்ப்பால் ஏழையின் உணவு, டின் பால் வசதியுள்ளவரின் உணவு என்னும் எண்ணம் சத்தமின்றிக் குடிபுகுந்தது.

அதே சிங்கப்பூரில் 1939ஆம் ஆண்டு ஒரு குரல் எழுந்தது. ஸிஸிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவப் பெண்மணி, ரோட்டரி சங்கக் கூட்டத்தில் ‘பாலும் கொலையும்’ என்னும் பொருளுடைய தலைப்பில் உரையாற்றினார். செவிலியரைப் போல வெள்ளுடை உடுத்திய விற்பனைப் பெண்கள் தாய்மார்களை அணுகி, சர்க்கரை கலந்த கெட்டிப்பால் குழந்தைகளுக்கு ஏற்றது என்று கூறி விற்று வந்த காலம். அப்பாலை அருந்திய பிள்ளைகள் சத்துக் குறைந்து நோயுற்று இறப்பதைக் கண்ட அவர், இத்தகைய தவறான பிரசாரத்தைக் கொலைக்கு நிகராகவே கருதவேண்டும் என்று துணிந்து கூறினார். அவர் சொன்னதை உலகம் ஏற்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1981ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களை விற்பதற்கு ஒழுங்குவிதிகளை வகுத்தது. இந்தியாவில் 1992இல் சட்டம் வந்தது. 2003இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. குழந்தைப் பால்மாவுக்கு விளம்பரம் செய்வதும், தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுப்பதும் இன்று குற்றம். தாய்ப்பாலே சிறந்தது என்று டின்னின் மீதே அச்சிட்டாக வேண்டும். விற்பவனையே உண்மை சொல்ல வைத்துவிட்டது சட்டம். வாங்குகின்ற நாம் அதைப் படிக்கவேண்டாமா?

ஒன்றை மறவாமல் கூறவேண்டும். உடல்நிலையாலோ, மருந்தாலோ, வேறு காரணத்தாலோ பாலூட்ட இயலாத தாய்மார்கள் உண்டு. மருத்துவர் சொல்லி மாற்றுப்பால் தருவதில் குற்றமில்லை. அத்தகைய தாயைச் சுட்டிப் பேசுவதும், நெஞ்சில் ஈரமில்லாதவள் என்று பழிப்பதும் பாவம். சக்திக்கு மீறி எவரையும் அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை. அவன் சுமத்தாததை நாம் சுமத்தலாமா?

கலீஃபாவின் கண்ணீர்

பாலூட்டல் தாய் ஒருத்தியின் பொறுப்பு மட்டுமன்று. ஆட்சிக்கும் சமுதாயத்திற்கும் அதில் பங்குண்டு. அமீருல் மூமினீன் உமர் (ரலி) அவர்களின் வரலாறு இதற்குச் சான்று. பால் மறந்த குழந்தைகளுக்கு அரசுக் கருவூலத்திலிருந்து உதவித்தொகை வழங்குவது அன்னாரின் ஏற்பாடு. ஓரிரவு மதீனாவுக்கு வந்திறங்கிய வணிகக் கூட்டத்தைக் காவல் காக்க, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுடன் கலீஃபாவே சென்றார்கள். இரவு முழுதும் ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. தாயிடம் சென்று குழந்தையைக் கவனிக்குமாறு ஒரு முறைக்குப் பல முறை கூறினார்கள். இறுதியில் அப்பெண், எதிரே நிற்பவர் யாரென்று அறியாமலே உண்மையைச் சொன்னாள். பால் மறந்த பிள்ளைக்குத்தான் உமர் உதவித்தொகை தருகிறாராம். அதனால் காலம் வருமுன்பே இதைப் பால் மறக்கச் செய்கிறேன் என்றாள்.

அன்று வைகறைத் தொழுகையில் கலீஃபா ஓதியது, அவர்களின் அழுகையால் பின்னால் நின்றவர்களுக்கு விளங்கவில்லையாம். தம் சட்டத்தால் எத்தனைக் குழந்தைகள் பாலிழந்தனவோ என்று அவர்கள் உள்ளம் வெந்தது. அன்றே ஆணை பிறந்தது: அவசரப்பட்டுப் பால் மறக்கச் செய்யாதீர்கள், இனிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த நாள் முதலே உதவித்தொகை உண்டு.

தம் தவறு ஒரு குழந்தையின் பாலைப் பறித்தது என்று அறிந்ததும் ஒரு பேரரசின் தலைவர் மக்கள் முன்னிலையில் அழுதார். மறுநாளுக்குத் தள்ளாமல் மாற்றினார். நாமோ நம் வீட்டு வழக்கத்தை மாற்றுவதற்குக் கூட மனமில்லாமல் இருக்கிறோம்.

நம் நாட்டிலும் இத்தகைய ஏற்பாடுகள் உண்டு. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் 1987இல் தொடங்கிய மகப்பேறு உதவித் திட்டம், 2006இல் 6,000 ரூபாயாகவும், பின்னர் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. அது கருவுற்ற தாயும் பாலூட்டும் தாயும் சத்துள்ள உணவு உண்பதற்கான தொகை. கடனடைக்கவும் கைபேசி வாங்கவும் தரப்பட்டதன்று. 2015ஆம் ஆண்டு முதல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளும் அமைக்கப்பட்டன. பர்தா பேணும் நம் பெண்கள் பயணத்தில் குழந்தையை அழவிடத் தேவையில்லை. அவ்வறை எங்கே என்று கேட்டறிந்து அழைத்துச் செல்வது உடன் வரும் ஆணின் கடமை.

தாய்ப்பால் வங்கி: ஓர் ஐயம்

அண்மைக் காலத்தில் நம் மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. 2015இல் தமிழக அரசு சில அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகளை ஏற்படுத்தியபோது, தஞ்சாவூருக்கும் ஒன்று கிடைத்தது. இராசா மிராசுதார் மருத்துவமனையில் அது இயங்கத் தொடங்கியது. தாய்மார்கள் கொடையாக அளிக்கும் பால், சோதிக்கப்பட்டு, 62.5 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் சூடாக்கப்பட்டு, உறைநிலையில் வைக்கப்படுகிறது. தாயின் பால் கிடைக்காத குறைமாதக் குழந்தைகளுக்கு அதனைத் தருகிறார்கள். குறைமாதக் குழந்தைகளின் குடலை அழுகச் செய்யும் கொடிய நோய், புட்டிப்பாலை விடத் தாய்ப்பாலில் வெகுவாகக் குறைகிறது.

நமக்கு எழும் ஐயம் ரளாஅத் எனப்படும் பால் உறவைப் பற்றியது. ஒரு பெண்ணின் பாலை அருந்திய குழந்தைக்கு அவள் தாயாகிறாள். அவள் மக்கள் உடன்பிறப்புகள் ஆகிறார்கள். அவர்களுக்குள் திருமணம் ஆகாது. அன்னை ஹலீமா (ரலி) அவர்களின் மகளார் ஷைமா அவர்கள் பல்லாண்டுக்குப் பின் வந்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் தம் மேலாடையை விரித்து அமரச் செய்தது அந்த உறவின் மாண்பைக் காட்டும். வங்கியில் பலருடைய பால் சேர்ந்திருக்கலாம். யார் பால் என்று தெரியாமற் போகலாம். இதனால் 1985ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, முஸ்லிம் நாடுகளில் இத்தகைய வங்கிகள் கூடாது என முடிவு செய்தது. யூசுஃப் அல் கர்ளாவி போன்ற அறிஞர்கள், மார்பில் நேரே அருந்தினாலன்றிப் பால் உறவு ஏற்படாது என்று கூறி அனுமதித்தார்கள். நம் கடற்கரையூர்களில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாஃபியீ மத்ஹபில், ஐந்து தடவை அருந்தினாலே பால் உறவு உண்டாகும். உள்நாட்டில் பரவலாக உள்ள ஹனஃபீ மத்ஹபில் சிறிதளவும் போதும்.

எனவே நான் கூறும் யோசனை இதுதான். குறைமாதக் குழந்தையின் தாய், தன் பாலையே பீய்ச்சித் தருவதற்கு முதலில் முயலட்டும். செவிலியர்கள் அதற்கு உதவுவார்கள். அதில் எந்தக் கேள்வியும் எழுவதில்லை. அது போதாதபோது, கொடையாளி யாரென்று அறியக்கூடுமா என மருத்துவமனையைக் கேளுங்கள். அறிந்தால் பெயரைக் குறித்து வைத்து, பிள்ளை வளர்ந்ததும் சொல்லுங்கள். அதுவும் இயலாமல், குழந்தையின் உயிருக்கு அது தேவையென்று மருத்துவர் கூறினால், உயிர் காப்பது மார்க்கத்தின் தலையாய நோக்கங்களுள் ஒன்று என்பதை நினைவிற்கொண்டு, உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் அப்பொழுதே வினவுங்கள். ஆலிம்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அத்தகைய தந்தை கதவைத் தட்டினால், ஜுமுஆவுக்குப் பின் பார்ப்போம் என்று என்னைப் போல் சொல்லி அனுப்பிவிடாதீர்கள்.

கற்பது யார் கடமை?

பாலூட்டுபவள் தாய் ஒருத்தி. ஆனால் அவளைச் சுற்றி நின்று முடிவெடுப்பவர் பலர். தலைப்பிள்ளை பெற்ற இருபது வயதுப் பெண், மாமியாரின் சொல்லையும் தன் அன்னையின் சொல்லையும் மீறி நடக்க முடியுமா? ஆகவே கற்கவேண்டியவர்கள் முதலில் அவர்களே. ஏழாம் மாதத்திலேயே அப்பெண்ணை அழைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையம் செல்லுங்கள். செவிலியர் கூறுவதை அவளுடன் அமர்ந்து கேளுங்கள். கணவர் வெளிநாட்டில் இருந்தாலும், எடுத்தவுடன் பிள்ளையின் முகத்தைக் காட்டச் சொல்லும் முன், ‘நீ சாப்பிட்டாயா? தூங்கினாயா?’ என்று மனைவியைக் கேட்கட்டும். பேறு முடிந்த பெண் காரணமின்றி அழுதாலும், பிள்ளையைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றாலும், அதைப் பேய் என்றும் பிடிவாதம் என்றும் சொல்லாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள், திருமணப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதோடு நில்லாமல், ஆண்டுக்கொரு முறையேனும் பெண்கள் மதரஸாவில் ஒரு பெண் மருத்துவரைப் பேச அழைக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நான் ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டேன். பிறந்த குழந்தைக்குப் பாங்கு சொல்ல யார் வந்து அழைத்தாலும், முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: “பிள்ளை பால் குடித்ததா?” இல்லையென்றால், “திரும்பிப் போய் முதலில் பால் கொடுக்கச் சொல்லுங்கள், நான் பின்னாலேயே வருகிறேன்” என்பேன். தொடக்கத்தில் வியப்புடன் பார்த்தார்கள். இப்போதெல்லாம் நான் கேட்கும் முன்பே, “பால் குடித்துவிட்டது ஹஜ்ரத்” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கேள்வி எழட்டும். பச்சிளங் குழந்தைகளின் உரிமையை அறிந்து பேணும் நல்லறிவையும், பாலூட்டும் அன்னையரைத் தாங்கும் நல்லுள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் வழங்குவானாக! ஆமீன்.